மூன்றில் இரண்டு

அக்டோபர் 8, புதன்

மூன்றாவது கார்டு இன்று முடிந்தது. சத்தியமங்கலத்துக்கு அப்பால் இருக்கும் காகித ஆலையின் டர்பைனுக்கு உரியவை இந்த மூன்றும். நீராவியில் சுழலும் அந்தச் சக்கரம் அளவுக்கு மீறி வேகமெடுத்தால், நீராவியை அடைத்து உடனே நிறுத்த வேண்டும். அதுதான் இவற்றின் ஒரே வேலை. ட்ரிப் கார்டு என்பார்கள், உள்ளங்கை அகல மின்னணுச் சுற்றுப் பலகைகள். செய்துகொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி இந்த மாதிரியைக் கைவிட்டுப் பத்து வருடம் ஆகிறது. புது முறைக்கு மாற ஆலைக்கு மனமில்லை. ஆகவே பாலிடெக்னிக்கில் முப்பத்தோரு வருடம் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்ற என்னைத் தேடி, பீளமேட்டில் இருக்கும் என் வீட்டு முன்னறைக்கு இவை வருகின்றன.

வழக்கமான வேலைதான். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். ஈரம் தாக்காமல் இருக்கக் கார்டின் மேல் பூசியிருக்கும் பழைய வார்னிஷை ஒரு மூலையில் சுரண்டி, செம்பு தெரியும் இடத்தில் மீட்டரின் ஊசியை வைத்து அளவு சரிசெய்தேன்.

மனைவி தெய்வானை வந்து உட்கார்ந்தாள். மே மாதம் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுடைய வலது கை சொன்னபடி கேட்பதில்லை. மோதிர விரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று பிசியோதெரபி செய்ய வரும் பெண் சொல்லியிருக்கிறாள். வீட்டைவிட்டுப் போகும் ஒவ்வொரு கார்டுக்கும் பொட்டு வைப்பது இவளுடைய பழைய வழக்கம். முன்பெல்லாம் போகிற போக்கில் ஒரு சிட்டிகைக் குங்குமம் வைப்பாள், ஆலைக்குப் போவதற்குள் உதிர்ந்துவிடும். இப்போது உலர்ந்த குங்குமம் விரலில் நிற்பதில்லை. அதனால் ஒரு மூடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நானே குழைத்து வைக்கிறேன். கார்டையும் அவளுக்கு எட்டும்படி, சுரண்டின மூலை அவள் பக்கம் வருமாறு பிடிப்பானில் திருப்பி வைக்கிறேன். இன்று ஒரே முயற்சியில் வைத்துவிட்டாள். அழிந்துவிடக் கூடாதே என்று அதன் மேலேயே வார்னிஷ் தெளித்தேன்.

கார்டுகளை எடுத்துப்போக ஆலையின் டெக்னீஷியன் சேவியர் வந்தான். மூன்றையும் துண்டில் சுற்றித் தன் பெரிய டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டான்.

“பேனல்ல இதுங்க எல்லாம் பொட்டு வெச்சு ஜம்முனு நிக்கப்போகுதுங்கம்மா. நான் ஒருத்தன்தான் வெக்காம நிக்கறேன்.”

“இப்பிடி குனி, உனக்கும் வெச்சுடறேன்” என்றாள் தெய்வானை. பேச்சில் குழறல் இன்னும் இருக்கிறது. கிண்டல் மட்டும் தெளிவாக வருகிறது.

“வேண்டாங்கம்மா. ஞாயித்துக்கெழமை ஃபாதருக்குப் பதில் சொல்லோணும்.”

மாலை அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் கை நீவிவிட்டேன். என் கைதான் வலிக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

மழை. துணி காயவில்லை.

காகித ஆலையிலிருந்து பிரதீபா பேசினாள். அங்கே கருவிப் பிரிவுக்கு அவள்தான் பொறியாளர். மூன்று வருடமாக என்னிடம் கார்டு அனுப்புகிறாள், நேரில் பார்த்ததில்லை. மூன்றையும் பொருத்திச் சோதித்தாயிற்று, தீபாவளி விடுமுறை முடிந்ததும் டர்பைனை ஓட்டப்போகிறோம் என்றாள்.

போனை வைத்ததும் தெய்வானை கேட்டாள். “ஒரு சக்கரத்துக்கு எதுக்குங்க மூணு கார்டு?”

ஒரு விடைத்தாளை மூன்று பேர் தனித்தனியாகத் திருத்துவதாக வைத்துக்கொள் என்றேன். இரண்டு பேர் ஃபெயில் என்றால் ஃபெயில். ஒருவர் மட்டும் ஃபெயில் என்றால் அவருக்கு அன்று தலைவலி என்று விட்டுவிடலாம். அதேபோல மூன்று கார்டும் சக்கரத்தின் வேகத்தைத் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டு சேர்ந்து ‘நிறுத்து’ என்றால்தான் நிற்கும்.

“மூணு பேரும் ஒரே மாதிரி தப்பாத் திருத்துனா?”

“வேற வேற ஆளு, வேற வேற பேனா. அப்பிடியெல்லாம் நடக்காது” என்றேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. பலகாரம் எதுவும் செய்யவில்லை. பக்கத்து வீட்டார் முறுக்கு கொடுத்தார்கள். தெய்வானைக்கு நொறுக்கிப் பாலில் ஊறவைத்துத் தந்தேன். “முறுக்குப் பாயசம்” என்றாள்.

அக்டோபர் 22, புதன்

காலையில் பிரதீபா. டர்பைன் தானாக நின்றுவிட்டது. ஓட்டத் தொடங்கி ஒன்பது மணி நேரம் சரியாக ஓடியிருக்கிறது.

“ரெண்டு கார்டு ட்ரிப் குடுத்திருக்குதுங்க சார். ஆனா ஸ்பீடு ரெக்கார்டைப் பாத்தா நார்மல். ஒரு துளிகூட ஏறல.”

“வயரிங் பாத்தியா அம்மணி?”

“எல்லாம் பாத்துட்டனுங்க. ஒண்ணுமே இல்ல.”

அங்கே விடாமல் மழை பெய்கிறதாம். டர்பைன் நின்றால் மின்சாரம் நிற்கும், காகித எந்திரம் பாதித் தாளோடு நிற்கும், மறுபடி ஓட்ட ஆறேழு மணி நேரம் ஆகும். அவள் குரல் களைத்திருந்தது.

அக்டோபர் 25, சனி

நேற்று மறுபடி நின்றிருக்கிறது. இந்த முறை மூன்று கார்டுமே நிறுத்தச் சொன்னதாம். சேவியர் ஒரு கார்டை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தான், மற்ற இரண்டில் டர்பைன் ஓடுகிறது.

முன்னறையில் ஆறு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். சூடாக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். கடுகளவும் பிசகவில்லை. இங்கே இரண்டு நாளாக நல்ல வெயில்.

சேவியர் காத்திருந்தான். “மேலாளர் எழுத்துல கேட்டிருக்காருங்க சார். கார்டு சரியா, சரியில்லையா, ஒரு வரி போதும்னாரு.”

‘சோதித்தேன், நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதியது உண்மைதான்.

அக்டோபர் 28, செவ்வாய்

தெய்வானைக்குச் சளி. மருந்துக்கடைக்குப் போய்வந்தேன்.

ஆலையில் மூன்றாவது முறையாக நின்றுவிட்டது. மத்தியானம் சேவியர் பேசினான். மேலாளர் வெங்கிடுபதி கட்டுப்பாட்டு அறைக்கே வந்து, கார்டுகளை விலக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு வயரைப் போட்டு டர்பைனை ஓட்டச் சொல்லியிருக்கிறார். அப்படி ஓட்டினால் வேகம் எகிறினாலும் கார்டு நிறுத்தாது. சக்கரத்தின் தண்டில், வேகம் எகிறினால் வெளியே துள்ளி நீராவியை அடைக்கவைக்கும் இரும்பு ஆணி ஒன்றுதான் மிச்சக் காவல், அதைச் சோதித்து நான்கு வருடம் ஆகிறதாம். அப்படி ஓட்ட ஒரு படிவத்தில் கருவிப் பிரிவுப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். பிரதீபா மறுத்துவிட்டாள்.

“கார்டு நல்லா இருக்குதுன்னு கோயமுத்தூர்ல இருந்து எழுதியே வந்திருக்குது, அப்ப மாட்டுனதுதான் தப்புன்னாருங்க சார். பிரதீபா பாப்பா மொகத்தப் பாக்க முடியல. விசாரணை வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. வேற ஒருத்தரு கையெழுத்துப் போட்டாரு. வயரப் போட்டுத்தான் இப்ப ஓடுது.”

“என்னிக்கு விசாரணை?”

“ஆறாந்தேதிங்க. மூணு தரம் நின்னது பாப்பா தப்புன்னு ஆயிட்டா வேலை போயிரும்.”

மூன்று கார்டும் இப்போது சும்மா கிடக்கின்றன, ஒன்று இங்கே என் மேசையிலேயே. மற்ற இரண்டையும் அனுப்பு, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றேன்.

அக்டோபர் 29, புதன்

சேவியர் வரவில்லை. கார்டுகளோடு பிரதீபாவே பஸ் பிடித்து வந்துவிட்டாள். ஒல்லியான பெண், தலைவாரக்கூட நேரமில்லாமல் கிளம்பியவள் போல இருந்தாள். முப்பது வயதிருக்கும்.

“வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லியிருக்காங்கல்ல, நீ இதைத் தூக்கிட்டு வரலாமா?”

“சேவியர் அண்ணன் மில்லு கேட்டு வரைக்கும் கொண்டுவந்து குடுத்தாருங்க. கேட்டுக்கு வெளிய நான் யாரோதானுங்களே.”

வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். அப்பா வேலைக்குப் போகிற மகளின் டிபன் டப்பாவைத் தினமும் தானே கட்டித் தருபவராம். இன்றும் கட்டித் தந்திருக்கிறார். அதை இங்கே தெய்வானையோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

“கையெழுத்துப் போட்டிருந்தா இவ்வளவு தொந்தரவு இல்லியே கண்ணு” என்று தெய்வானை கேட்டாள்.

“டர்பைனுக்குப் பத்தடி தள்ளித்தானுங்கம்மா நம்ம ஆளுங்க டீ குடிக்கறாங்க. அது பிச்சுக்கிட்டா சுவரே நிக்காது. போட மனசு வரலீங்க.”

தெய்வானை தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அந்தப் பெண்ணின் டப்பாவில் வைத்தாள். வலது கையால்.

போகும்போது பிரதீபா என்னிடம், “நீங்க எழுதிக் குடுத்ததுல தப்பில்லீங்க சார், கார்டு நல்லாத்தானே இருக்குது” என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறாள்.

அக்டோபர் 31, வெள்ளி

முன்னறை மின்விசிறி பழுது. புழுக்கம் தாங்காமல் ஒரு கார்டையும் மீட்டரையும் சமையலறை மேடைக்குக் கொண்டுபோய் வைத்து, ஓடவிட்டுவிட்டு இட்லி ஊற்றினேன். கொப்பரையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்தபோது மீட்டர் இறங்கத் தொடங்கியது. மூடியைத் திறந்ததும் விழுந்தது. ஆவியை விட்டு நகர்த்தினேன். இருபது நிமிடத்தில் ஏறிவிட்டது.

அடுத்த கார்டையும் வைத்தேன். அதுவும். மூன்றாவதும்.

இட்லி கல்லாகிவிட்டது. தெய்வானை சாம்பாரில் ஊறவைத்துத் தின்றாள்.

நவம்பர் 1, சனி

நிலைப்படியை எடுத்துக்கொள்வோம். ஐந்தே முக்கால் அடி ஆள் வழக்கமாக நுழையும் வாசலில், மேல்கட்டையை அரை அடி இறக்கிவிட்டால் அவன் தலையில் இடித்துக்கொள்வான். ஆள் வளர்ந்துவிட்டான் என்று அர்த்தமில்லை. இந்தக் கார்டில் வேகத்தின் எல்லையைக் காட்ட ஒரு மின்னழுத்தம் நிற்கிறது. ஈரக்காற்றில் அது கசிந்து குறைகிறது. எல்லை இறங்கிவிட்டதால் சாதாரண வேகமே அதிவேகமாகத் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு கார்டில் மட்டும் அந்த மூலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் வார்னிஷ் கரையத் துடைத்து, ஆவியில் காட்டினேன். அசையவில்லை.

பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுக் குப்பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன். ஆலைக்கு எழுத வேண்டும். திங்கட்கிழமை எழுதலாம்.

நவம்பர் 2, ஞாயிறு

பிசியோதெரபிப் பெண் வந்தாள். மோதிர விரல் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று வியந்தாள். என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டாள். தெய்வானை என்னைப் பார்த்தாள். நான் டீ போட உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

ஆலைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘மறு சோதனையில், மின்தடம் ஒன்றின் மீது அயல்பொருள் படிந்திருப்பதும், ஈரப்பதம் கூடும்போது அதனால் கசிவு ஏற்படுவதும் தெரியவருகிறது.’ நான்கு முறை திருத்தி எழுதினேன். ஒரு சொல்லும் பொய் இல்லை.

மின்விசிறிக்காரர் வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

வெங்கிடுபதியே பேசினார்.

“நல்லதாப் போச்சுங்க மருதாசலம் சார். அயல்பொருள்னா என்னனு வெச்சுக்கலாம்? கார்டைக் கையுறை போடாமப் புடிச்சா வேர்வை ஒட்டுமுங்களே, அந்த மாதிரியா? அந்தப் பொண்ணு மாட்டும்போது கையி பட்டிருக்குமுங்களா?”

“அதெல்லாம் சொல்ல முடியாதுங்க” என்றேன்.

“சொல்ல முடியாதுன்னா இருக்கலாமுங்கறீங்க.”

“சொல்ல முடியாதுங்க.”

“செரிங்க. இது போதும் எனக்கு. வியாழக்கெழமை இதையே வெச்சு முடிச்சுடறோம்.”

மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

நேற்றுச் சொல்ல முடியாது என்று சொன்னேன். சொல்ல முடியும்.

அது குங்குமம். ஈரம் பட்டால் அதிலிருக்கும் சுண்ணாம்பு மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் விட்டுக் குழைத்தவன் நான். செம்பு தெரியச் சுரண்டின மூலையை அவள் பக்கம் திருப்பி வைத்தவன் நான். ஈரம் காயும் முன்பே அதன் மேல் வார்னிஷ் தெளித்து உள்ளே அடைத்தவனும் நான். உலர்ந்த குங்குமம் வைத்த பழைய கார்டுகள் எதிலும் இந்தக் கோளாறு வந்ததில்லை. மூன்று பேர் தனித்தனியாகத் திருத்துகிறார்கள் என்று அன்று பெருமையாகச் சொன்னேன். மூவர் கையிலும் ஒரே தப்பான விடைக்குறிப்பைக் கொடுத்துவிட்டு அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் மூவரும் ஒத்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

இதெல்லாம் வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். அந்த ஐந்து நாளும் ஆலையில் வயரைப் போட்டு டர்பைன் ஓடியிருக்கிறது. பத்தடி தள்ளி அவர்கள் டீ குடித்திருக்கிறார்கள்.

இவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியவன் ஈரக் குங்குமத்தின் மேல் வார்னிஷ் அடித்தான் என்பது வெளியே போகக் கூடாது என்பது மறு பாதி.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று கார்டையும் அவள் கட்டிலில் வரிசையாக வைத்தேன். இரண்டில் பொட்டு இருந்தது. துடைத்த கார்டில் வெளிர்ச் சிவப்பாகக் கறை. நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு பந்தை விட்டுவிட்டாள்.

நெடுநேரம் கார்டுகளையே பார்த்தாள்.

“மூணுலயும் ஒரே எடத்துலயா வெச்சிருக்கறேன்?”

“ஆமா. நூலளவு பிசகல.”

“பரவால்லையே என்ற கை” என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றது. “அப்ப அந்த அம்மணிய ஊட்டுக்கு அனுப்புனது நானா?”

“நீ இல்ல. நான். நான்தான் குழைச்சுக் குடுத்தேன், நான்தான் மூடுனேன். நீ வழக்கமாச் செய்யறதைச் செஞ்ச.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“வெள்ளிக்கெழமை.”

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். வலது கை விரல்கள் மெதுவாகத்தான் மடங்கின. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அஞ்சு நாளு அந்தப் புள்ளைக்குச் சோறு எறங்கியிருக்காதுங்களே.”

உருண்டுபோன பந்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

“நான் தெரிஞ்சுக்கிட்டா என்ன ஆகும்னு பாத்தீங்க? இன்னொருக்கா வாதம் வந்துரும்னா?”

“அப்பிடித்தான்னு வெச்சுக்கோ.”

“வந்துச்சுங்களா?”

“இல்ல.”

“நாளைக்கு நானும் வர்றேன். வண்டி சொல்லிருங்க.”

உடனே பிரதீபாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபமாகப் பேசுவாள் என்று காத்திருந்தேன். “அந்த ரெண்டு கார்டையும் தொடைச்சிராதீங்க சார். நாளைக்கு அப்பிடியே வேணும்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். காரில் இரண்டு மணி நேரம். தெய்வானையின் முதுகுக்கு மூன்று தலையணை, வழியில் இரண்டு முறை நிறுத்தல். புளியம்பட்டி தாண்டியதும் மழை தொடங்கியது.

விசாரணை அறையில் வெங்கிடுபதியும் ஆலையின் பணியாளர் அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். பிரதீபா ஓரத்து நாற்காலியில். ஏசி குளிர்ந்தது. தெய்வானைக்குப் போர்வையைப் போர்த்திவிட்டேன்.

“அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க. விசேஷம் எதுமில்லீங்களே சார், இது விசாரணை” என்றார் வெங்கிடுபதி.

விளக்கிச் சொல்வதைவிடக் காட்டிவிடுவது மேல். பொட்டு இருந்த கார்டை மீட்டரோடு இணைத்து, பிளாஸ்கிலிருந்து வெந்நீரை டம்ளரில் ஊற்றி அந்த மூலைக்குக் கீழே வைத்தேன். ஆவி பட்டது. மீட்டர் இறங்கியது. பிறகு துடைத்த கார்டு, அதே டம்ளர், அதே ஆவி. இறங்கவில்லை. மறுபடி பொட்டு வைத்த இரண்டாவது கார்டு. இறங்கியது. வெங்கிடுபதி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். எதிர்பாராத இடத்தில் எதையோ கண்டவர் போல நிமிர்ந்தார்.

“இது குங்குமமுங்களா?”

“ஆமாங்க.”

“எங்க ஊட்ல கார் சாவிக்கே பொட்டு உண்டு. இதைப் போய்க் கொறைன்னு எழுதறதுக்கு எனக்கே சங்கடமா இருக்குதுங்க.” உட்கார்ந்தார். “இதை யாரு வெச்சது? எங்க ஆளுங்களா? அந்தப் பொண்ணா?”

நான் வாயைத் திறப்பதற்குள் தெய்வானை பேசிவிட்டாள்.

“நான்தானுங்க. மூணும் நான்தான் வெச்சது. அந்த அம்மணி மேல ஒண்ணுமில்லீங்க.”

குழறிய பேச்சு அவர்களுக்குப் பிடிபடவில்லை. பணியாளர் அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சொல்லப்போனேன். தெய்வானை போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என்னைத் தடுத்தாள். மறுபடி, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இந்த முறை எல்லாருக்கும் புரிந்தது.

நான் என் பங்கைச் சொன்னேன். குழைத்தது, திருப்பி வைத்தது, வார்னிஷ். வெள்ளிக்கிழமையே தெரிந்தும் சொல்லாமல் இருந்தது. செவ்வாய்க்கிழமை போனில் அவர் கேட்டதற்கு ‘சொல்ல முடியாது’ என்றது. அதைச் சொல்லும்போது பிரதீபா என்னை ஒரு தடவை பார்த்தாள். போனில் அவளிடம் அதை நான் சொல்லியிருக்கவில்லை.

வெங்கிடுபதி சற்று நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். “நீங்க நேத்து வரைக்கும் பேசாம இருந்ததுக்கு, இன்னைக்கு இந்தப் பொண்ணு வேலை போயிருக்குமுங்க. தெரியுமுங்களா?”

“தெரியுங்க.”

“வாத்தியாரு நீங்க.”

எனக்கும் அவரிடம் கேட்க ஒன்று இருந்தது, வயர் போட்டு ஓட்டியதைப் பற்றி. கேட்கும் தகுதி இன்று எனக்கு இல்லை. பிரதீபாவே கேட்டாள். “அப்ப வயரை இன்னைக்கே எடுத்தறலாமுங்களா சார்?” அவர், “கார்டு சுத்தமானதும் எடுத்துரும்மா” என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சொன்னதை எல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார்கள். பணியாளர் அதிகாரி கணினியில் அடித்து இரண்டு தாள் எடுத்தார், ஒன்று எனக்கு, ஒன்று தெய்வானைக்கு. நான் கையெழுத்திட்டேன். அவர் தெய்வானையின் கையைப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தார்.

“கைநாட்டுப் போதுங்கம்மா.”

தெய்வானை மைப்பெட்டியை மெல்லத் தள்ளினாள். பேனா கேட்டாள்.

மே மாதத்துக்குப் பிறகு அவள் பேனா பிடிக்கவில்லை. பிடித்தபோது அது மூன்று முறை நழுவியது. நான் எழுந்தேன். அதற்குள் பிரதீபா பக்கத்தில் வந்து மண்டியிட்டு, தாள் நகராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முதல் எழுத்தின் கொம்புக்கே வெகுநேரம் ஆயிற்று. வெங்கிடுபதி ஒரு தடவை போனைப் பார்த்தார், பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ‘தெய்வா’ வரை கோட்டின் மேல் வந்தது. மிச்சம் கோட்டை விட்டுக் கீழே இறங்கி, அச்சடித்த தேதியின் மேலேயே போய் முடிந்தது. கடைசி எழுத்து பிரதீபாவின் கட்டைவிரல் நகத்திலும் கொஞ்சம் ஏறிவிட்டது. அவள் விரலை எடுக்கவில்லை.

“வாசிக்க வருதுங்களா?” என்று தெய்வானை கேட்டாள்.

“வருதுங்கம்மா” என்றார் அதிகாரி.

மத்தியானம் ஆலையிலேயே உட்கார்ந்து மீதிப் பொட்டுகளைத் துடைத்தேன். இரண்டு முறை ஸ்பிரிட்டில் கழுவி, உலர்த்தி, புது வார்னிஷ் அடித்தேன். சேவியர் பக்கத்தில் நின்று விசிறினான். என்னோடு அவன் பேசவில்லை.

நவம்பர் 8, சனி

பிரதீபா வேலைக்குப் போய்விட்டாள். வயரை எடுத்தாயிற்று, மூன்று கார்டும் நேற்றிலிருந்து ஓடுகின்றன, அங்கே நல்ல மழை என்று செய்தி அனுப்பியிருந்தாள். ‘நன்றி’ என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

மே மாதத்திலிருந்து இந்த வீட்டைவிட்டுப் போன கார்டுகள் மொத்தம் ஏழு. மற்ற நான்கும் ஒரு சர்க்கரை ஆலையில் இருக்கின்றன. அவர்களுக்கும் எழுதினேன். அயல்பொருள் என்று எழுதவில்லை. குங்குமம் என்று எழுதினேன். எந்த மூலை என்று படம் வரைந்து வைத்தேன்.

நவம்பர் 12, புதன்

காகித ஆலையிலிருந்து இரண்டு வரிக் கடிதம். இனிக் கார்டுகளைச் சென்னைக்கு அனுப்பிக்கொள்வார்களாம். சர்க்கரை ஆலையிலிருந்தும் ஓர் ஆள் பேசினார். நான்கையும் கழற்றிவிட்டோம், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

மின்விசிறி சரியாகிவிட்டது. முன்னறை குளுகுளுவென்று இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தெய்வானை சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறை வரை வந்துவிட்டாள். வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

“இன்னைக்கு எனக்கு என்ன வேலைங்க?”

“இன்னைக்கு லீவு.”

“நேத்தும் லீவுதானுங்க.”

கையைத் துடைத்துக்கொண்டேன். அவளை உட்கார வைத்து, ஒரு முறம் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து மடி மேல் வைத்தேன். அவள் முதல் வெங்காயத்தை எடுத்து, தோலின் நுனியைத் தேடிப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தாள். நான் உதவப் போகவில்லை.

இன்று சாப்பாடு இரண்டரை மணிக்கு.